வலி எத்தனை?

“எங்க அம்மாவோட கழுத்து ஸ்கேன எங்ககிட்ட குடுத்துடுங்க.”

அந்த இடத்தில் கேட்கவே கூடாது என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்த ஒரே விஷயம் அதுதான். சொன்னவர் வார்டு உதவியாளர் சக்கரபாணி. கழிப்பறை எங்கே என்று கேட்கலாம். டாக்டர் எப்போது வருவார் என்று கேட்கலாம். குரல் பணிவாக இருந்தால் நேற்று ஏன் வரவில்லை என்றுகூடக் கேட்கலாம். ஸ்கேனை மட்டும் கேட்காதே பாப்பா என்று முதல் நாளே காதோடு சொல்லியிருந்தார். ஸ்கேனைக் கேட்கிறவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போகப்போகிறவர்கள். அது தெரிந்தால் இங்கே இருக்கிற டாக்டர்களுக்கு மனசு புண்படும். மனசு புண்பட்ட டாக்டரிடம் கழுத்தைக் கொடுப்பது நல்லதில்லை.

கேட்டுவிட்டேன். கவுன்டர்ப் பெண்ணின் விரல்கள் விசைப்பலகை மேல் அப்படியே நின்றன. தள்ளுவண்டியோடு வந்துகொண்டிருந்த சக்கரபாணி, வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போனார். என்னை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை.

“ஸ்கேன் உங்க அம்மாவோடதுதான்,” என்றாள் கவுன்டர்ப் பெண், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல. “ஆனா உங்க அம்மா ஸ்டடியில இருக்காங்க. ஸ்டடி டைரக்டரோடது.”

மரக்காணம் உப்பளங்கள் முடிந்து சவுக்குத் தோப்பு தொடங்குகிற இடத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக இருக்கிறது அந்தக் ‘கடலோர முதுகெலும்பு மற்றும் மூட்டு உயராய்வு மையம்’. முழுப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும் என்பதால் கண்டக்டர்கள் ‘முதுகு இறங்கு’ என்பார்கள். உள்ளே போனதும் இரண்டு கதவுகள். இடது கதவு அரிய தண்டுவடக் கோளாறுகளுக்கான அறுவைத் துறை. வலது கதவு முடக்குவாத ஆராய்ச்சித் துறை. இரண்டுக்கும் நடுவே டைரக்டர் டாக்டர் சிவஞானம் கல்வெட்டில் பொறித்த வாசகம்: ‘எலும்பு உடையலாம், விதி உடையலாகாது.’

என் அம்மா ஜெயாவுக்கு நாற்பத்தேழு வயது. பதினெட்டு வயதிலிருந்து உப்பளத்தில் தலைச்சுமை. பாத்தியில் வாரிக் குவித்த உப்பைக் கூடையில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது. ஒன்பது வருஷம் முன்பு விரல் மூட்டுகள் வீங்கின. திண்டிவனத்தில் முடக்குவாதம் என்று சொல்லி, வாரத்துக்கு ஒருதரம் போடுகிற மாத்திரை கொடுத்தார்கள். வீக்கம் வடிந்தது. அம்மா கூடையைத் தூக்கினாள்.

இரண்டு வருஷம் முன்பு மையத்தின் வேன் உப்பளத்துக்கு வந்தது. உப்பளப் பெண்களிடம் முடக்குவாதம் பற்றி ஓர் ஆராய்ச்சி. இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கினார்கள். எல்லோருக்கும் ஒரு தொப்பி கொடுத்தார்கள். அம்மா போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மாத்திரை ஆராய்ச்சியைக் குழப்புகிறதாம். நான் அப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனி விடுதியில் இருந்தேன். பி.எஸ்சி. கணிதம், எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வைத்திருப்பவள். படிவம் என்றால் பயப்படாமல் படிக்கிற ஒரே ஆள் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத்தான் அந்தப் படிவம் வந்தது.

போன மாசம் அம்மா கையிலிருந்து டீ டம்ளர் நழுவியது. மறுநாள் சாப்பாட்டுத் தட்டு. குனிந்தால் முதுகுத் தண்டில் கரெண்ட் அடிக்கிறது என்றாள். நான் வேலையை விட்டுவிட்டு வந்து அவளை மையத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கேயே கழுத்தை ஸ்கேன் எடுத்தார்கள்.

முதலில் இடது கதவு. அறுவை நிபுணர் டாக்டர் அந்தோணிராஜ். கெட்டிக்காரர். வெளிநாட்டில் படித்தவர். அவருடைய அறைச் சுவரில் பதினோரு அரிய நோய்களின் பெயர்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. அவற்றில் ஒன்றோடு யாராவது வருவார்களா என்று நான்கு வருஷமாகக் காத்திருக்கிறார். இதுவரை ஏழு பேர் வந்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் ஆபரேஷன் தியேட்டரைத் துடைத்து, விளக்கைப் போட்டுப் பார்த்து, அணைத்துவிடுவார்கள்.

அம்மாவின் ஸ்கேனைக் கம்ப்யூட்டரில் பார்த்ததும் அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கழுத்தின் முதல் எலும்பு இரண்டாவது எலும்பின் மேல் நிற்கவில்லை, முடக்குவாதம் அதன் கட்டுகளை அரித்துவிட்டது, தலை குனியும்போதெல்லாம் எலும்பு தண்டுவடத்தை நெரிக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் திருகாணி போட்டு இறுக்கினால் நிற்கும். மூன்று மணி நேர வேலை. தள்ளிப்போட்டால் கை போகும், கால் போகும், ஒருநாள் குனிந்த குனிப்பில் மூச்சும் போகலாம்.

“எப்ப சார் பண்ணுவீங்க?” என்றேன்.

அவர் முகம் மாறியது. “எனக்குப் பண்ணணும்னுதாம்மா இருக்கு. ஆனா இது அரியது இல்லையே.”

பத்தாயிரத்தில் ஒருவருக்கு வந்தால்தான் அரியது. அதற்கு மேல் வந்தால் அந்தக் கதவுக்குள் கத்தியை எடுக்க விதி இல்லை. இந்த உப்பளத்திலேயே இதே மாதிரி நாலு கழுத்து பார்த்துவிட்டேன், அதனால் இது இங்கே சர்வ சாதாரணம் என்று வருத்தத்தோடு சொன்னார். நாலு பேருக்கு வந்தால் ஆபத்து அதிகமில்லையா என்று கேட்டேன். ஆபத்து அதிகம், அருமை குறைவு என்றார். அம்மாவுக்கு ஒரு கழுத்துப் பட்டையை அவரே மாட்டிவிட்டு, எதற்கும் ‘அருமைச் சான்று’க்கு விண்ணப்பியுங்கள் என்று ஒரு படிவம் தந்தார்.

படிவத்தின் முதல் கேள்வி: ‘உங்கள் நோய் ஏன் அரியது? இருநூறு சொற்களுக்கு மிகாமல் எழுதுக.’ இரண்டாவது: ‘இந்நோய் உள்ள வேறு எவரையேனும் உங்களுக்குத் தெரியுமா? தெரியுமெனில் மேற்கொண்டு நிரப்ப வேண்டாம்.’ அருமைக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடும். குழுவின் குமாஸ்தா நல்ல மனுஷன். மற்ற மூன்று பேரும் ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டால் உங்கள் அம்மாவுக்கு வாய்ப்பு இருக்கிறது, பேசிப் பாருங்கள் என்று வழி சொன்னார். எந்த வகையில் போனாலும் சரியா என்று கேட்டேன். அது எங்கள் துறை இல்லை என்றார்.

அம்மாவுக்கு இதில் கோபமே வரவில்லை. “அருமையான நோவு வர்றதுக்கெல்லாம் நமக்கு ஏதுடி குடுப்பன,” என்றாள்.

பிறகு வலது கதவு. முடக்குவாதம்தானே கழுத்தை அரித்தது, அவர்கள் ஏதாவது செய்வார்கள் என்று நினைத்தேன். அங்கே ஆய்வு அலுவலர் பூஜா, சென்னைப் பெண், என்னைவிட ஒரு வயது சின்னவள், கையில் டேப்லெட். அம்மாவின் பெயரைத் தட்டியதும் அவள் முகம் மலர்ந்தது. உங்கள் அம்மா குணமாகி இரண்டு வருஷம் ஆகிறது என்றாள்.

கழுத்துப் பட்டைக்குள் இருந்து அம்மா அவளை மரியாதையாகப் பார்த்தாள். பூஜா திரையைத் திருப்பிக் காட்டினாள். ‘வலி அளவு, பூஜ்யம் முதல் பத்து வரை.’ முதல் நாள்: மூன்று. ஒரு வாரம் கழித்து: பூஜ்யம். அதற்கப்புறம் நூறு வாரமாகப் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

அம்மா மட்டுமல்ல, இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே வாரத்தில் குணமாகியிருந்தார்கள். மாத்திரை இல்லை, ஊசி இல்லை. உப்புநீரில் நின்றது ஒன்றுதான் வைத்தியம். டாக்டர் சிவஞானம் இதற்கு ‘மரக்காணம் விளைவு’ என்று பெயர் வைத்துவிட்டார். மூன்று நாடுகளில் பேசிவிட்டு வந்துவிட்டார். மையத்தின் பின்பக்கம் டைல்ஸ் பதித்து ஒரு செயற்கை உப்பளம் கட்டி, சென்னையிலிருந்து வந்த ஆறு நோயாளிகளை அதில் நிற்க வைத்திருந்தார்கள். அவர்களுக்கு மட்டும் வலி ஏழிலிருந்து இறங்கவே இல்லை. நிற்பது போதவில்லை, உழைப்பு சேர வேண்டும் என்று முடிவாகி, நான் போன அன்று ஆறு பேர் தலையிலும் உப்புக் கூடை ஏற்றியிருந்தார்கள். முன்னால் நடந்த பெரியவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கூடவே நடந்து, சிரித்த முகமாகச் சுமக்கும்படி கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பூஜாவின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கணிதம் படித்தவளுக்கு எண்கள் வரிசையாக இருந்தால் கண் தானாகப் போகும். கமலாம்பாள் ஐந்து, அப்புறம் பூஜ்யம். குப்பம்மாள் ஒன்பது, அப்புறம் பூஜ்யம். முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற எல்லோரும் ஒன்று அல்லது இரண்டு. கல்யாணம் ஆகாத வைஜெயந்திக்குத் தொடக்கத்திலிருந்தே பூஜ்யம். வைஜெயந்தியின் முழங்கை மடங்காது; அவளுக்கு அவள் அண்ணிதான் தலை பின்னிவிடுகிறாள்.

ஒரே ஒரு வரி மட்டும் சிவப்பாக இருந்தது. அருள்மொழி: இரண்டு, பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். பூஜா குரலைத் தாழ்த்தினாள். ஆய்வு முழுவதிலும் நோய் திரும்பியது இந்த ஒருவருக்குத்தான். டைரக்டர் தனிக் குழு அனுப்பி, அந்த வாரம் அருள்மொழி என்ன சாப்பிட்டாள் என்று விசாரித்தாராம். காரணம் கிடைத்துவிட்டது. சுவரில் பெரிய சுவரொட்டியாகவே ஒட்டியிருந்தார்கள்: ‘பால்சுறா, முடக்குவாதத்தின் மறைமுக எதிரி. சுறாப்புட்டைத் தவிர்ப்பீர்.’

எங்கள் கடற்கரையில் சுறாப்புட்டை யார், எப்போது, எதற்காக வரிசையாகச் சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளை பெற்றவள் தாய்ப்பால் சுரக்கச் சாப்பிடுவாள். நேராக உப்பளத்துக்குப் போனேன்.

கமலாம்பாள் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அந்த டேப்லெட் பொண்ணு உங்களிடம் என்னதான் கேட்கும் என்றேன்.

“வலி எத்தினின்னு கேட்டுச்சு. அஞ்சுன்னேன். மூணு பொட்ட, ரெண்டு ஆணு. பொட்டியில குத்திகினு போச்சு. மறுவாரம் வந்து, போன ஏழு நாள்ல வலி எத்தினின்னு கேக்குது. எம் புருசன் செத்து ஆறு வருசம் ஆவுது. இன்னாத்தடி சொல்லுவேன்? ஒண்ணும் இல்லம்மான்னேன். ரொம்ப சந்தோசம்னுட்டுப் போச்சு.”

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வாராவாரம் வந்து போன வாரம் பிள்ளை பெற்றாயா என்று கேட்கிற கவர்மென்ட் குடும்பக் கட்டுப்பாட்டு ஆள் என்றே எல்லோரும் அவளை நினைத்திருந்தார்கள். பத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதில்தான் கமலாம்பாளுக்கு வருத்தம். அவள் மாமியாருக்குப் பதினொன்று. கணக்கில் அடங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். வைஜெயந்தியிடம் வலி எத்தனை என்று கேட்டபோது அவள் அம்மா அந்தப் பெண்ணை அடிக்கவே போயிருக்கிறாள். அருள்மொழி மட்டும் ஒரு வாரம் ‘ஒண்ணு, ஆம்பளப் புள்ள’ என்றாளாம். பூஜா ‘ஒண்ணு’ மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

“சரி, கை காலு இன்னா பண்ணுது?” என்றேன்.

“அதுவா? ராவெல்லாம் நோவு. மூட்டு மூட்டா குடையுது, விரல மடக்க முடியல.” கமலாம்பாள் கோணிப்போன விரல்களை விரித்துக் காட்டினாள். “அத்த யாரு கேட்டா? கேட்டா சொல்ல மாட்டனா?”

அதற்குப் பிறகுதான் கவுன்டரில் ஸ்கேனைக் கேட்டேன். அது டைரக்டரோடது என்று ஆனதும் அவரைப் பார்க்க இரண்டு நாள் காத்திருந்தேன். டாக்டர் சிவஞானம் பேசும்போது விரல் நுனிகளை ஒன்றோடொன்று சேர்த்துக்கொள்வார். தன் பேச்சையே அவர் சேர்த்துப் பிடித்துக் கேட்பதைப் போல இருக்கும். எங்கள் ஊரில் உடம்பில் இருந்தால் நோவு, பிள்ளை பெற்றால் வலி, நீங்கள் இரண்டு வருஷமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேரிடம் பிரசவக் கணக்கெடுத்திருக்கிறீர்கள் என்று சொன்னேன். முழுவதும் கேட்டார். பிறகு அலமாரியிலிருந்து ஓர் அகராதியை எடுத்தார். வலி என்றால் நோவு என்று போட்டிருந்தது. நோவு என்றால் வலி என்று போட்டிருந்தது. இரண்டையும் எனக்குக் காட்டினார்.

“ஆக, ரெண்டும் ஒண்ணு. வலி பூஜ்யம்னா நோவும் பூஜ்யம்,” என்றார். “உங்க பேரே செந்தமிழ். உங்களுக்கு நான் சொல்லணுமா?”

அப்புறம் அம்மாவின் கழுத்து எப்படி இப்படி ஆனது என்று கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். அந்த ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அவரையும் வேதனைப்படுத்துகிறதாம். குணமானவர்களுக்கு எலும்பு அரிக்கக் கூடாது. அரித்திருக்கிறது என்றால் ஸ்கேன்தான் ஏதோ தவறு செய்கிறது.

“உங்க அம்மா எங்க ஆய்வுல ஒரு விலகல்மா,” என்றார்.

“விலகல் கழுத்துலதான் சார் இருக்குது.”

“அதைத்தான் நானும் சொல்றேன். சரி பண்ணிடலாம்.”

“ஆபரேஷன் பண்ணியா சார்?”

“இல்லம்மா. ஸ்கேன ஆய்வுலேர்ந்து எடுத்துட்டு.”

எடுத்ததை என்னிடமே கொடுத்துவிடுங்கள் என்றேன். அவருக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை விழா இருக்கிறது. மரக்காணம் விளைவின் இரண்டாம் ஆண்டு. முதலில் குணமானவர் என்ற முறையில் அம்மா மேடை ஏறிப் பதக்கம் வாங்க வேண்டும். வாங்கிய கையோடு கையெழுத்துப் போட்டு ஸ்கேனைத் தந்துவிடுவார். எனக்கும் மையத்தில் ‘மொழி இணைப்பாளர்’ என்று ஒரு வேலை போட்டுத் தரலாம் என்றார். உங்களை மாதிரி படித்த பெண்கள் உள்ளே இருப்பது நல்லது, வெளியே இருந்தால் தேவையில்லாமல் யோசிக்கத் தோன்றும் என்றார்.

மறுநாள் காலை பஸ் பிடித்துப் புதுச்சேரி அரசு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். எலும்புப் பிரிவில் மூன்று மணி நேர வரிசை. ஒரு பெண் டாக்டர், டீ குடிக்கக்கூட நேரமில்லாத முகம். ஸ்கேன் எங்கே என்றாள். தர மாட்டேன் என்கிறார்கள் என்றேன். யார் என்று அவள் கேட்கவில்லை. கையில் பிடித்தது நழுவுகிறதா, நடை தடுமாறுகிறதா, குனிந்தால் கரெண்ட் அடிக்கிறதா என்று மூன்று கேள்வி கேட்டாள். ஒன்றுக்குக்கூட எண் கேட்கவில்லை.

“ஸ்கேன் இங்கயே எடுத்துக்கலாம். எமர்ஜென்சியில நேரா வாங்க, நான் எழுதித் தர்றேன். கழுத்துப் பட்டைய கழட்டாதீங்க. குனிய மட்டும் விடாதீங்கம்மா. ஒரு தடவை சரியா நெரிச்சுதுன்னா அப்புறம் நாங்க பண்றதுக்கு ஒண்ணும் இருக்காது.”

வெள்ளிக்கிழமை விழாவுக்குப் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். அவள் கேட்கவில்லை. டாக்டர் கூப்பிட்டு மரியாதை பண்ணும்போது போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்றாள். அவளை யாரும் இதுவரை மேடைக்குக் கூப்பிட்டதில்லை. வியாழக்கிழமை குப்பம்மாள் உட்பட மற்ற மூன்று கழுத்துக்காரர்களின் வீட்டுக்கும் போய், அந்தப் பெண் டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

விழா காலை பதினோரு மணிக்கு. உப்பளப் பெண்கள் மையம் கொடுத்த தொப்பியோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் சென்னையிலிருந்து வந்த சிறப்பு விருந்தினர். அவர் பக்கத்தில் ஒரு மேஜையில் பதக்கங்கள். உப்புக் கட்டியைக் கண்ணாடிக்குள் அடைத்து, பித்தளைச் சட்டம் போட்டு, சங்கிலி கோத்தது. ஒன்றை எடுத்துப் பார்த்தேன். ஒரு கிலோ எடைக்கல் கனம் இருந்தது. முதுகெலும்பு மையம், கழுத்தில் மாட்டுவதற்காகச் செய்தது.

பூஜா மேடைக்குக் கீழே நிகழ்ச்சி நிரலோடு நின்றாள். அதில் ஒரு வரி: ‘பதக்கம் அணிதல்: பயனாளி தலை குனிதல், மூன்று விநாடி, படம்.’ அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் டைரக்டரிடம் சொன்னது காதில் விழுந்து, முந்தின நாள் அவளே உப்பளத்துக்குப் போய் நோவு எத்தனை என்று கேட்டிருக்கிறாள். எட்டு, ஒன்பது, பத்து என்று வந்திருக்கிறது. “சார் அழிச்சிடச் சொல்லிட்டார்க்கா,” என்றாள் மெதுவாக. “விழா முடிஞ்சப்புறம் பாத்துக்கலாம்னாரு.”

டாக்டர் சிவஞானம் ஒலிபெருக்கியின் முன் வந்தார்.

“உலகம் முழுவதும் முடக்குவாதத்துக்கு மருந்து தேடுகிறார்கள். நாம் இந்த மக்களுக்கு இரண்டு ஆண்டுகளாக ஒரு மாத்திரைகூடத் தரவில்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்,” என்றார். கைதட்டினார்கள். “இருந்த மாத்திரையையும் நிறுத்தினோம். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை. இதுதான் இந்த மண்ணின் பண்பு. ஆராய்ச்சிக்கு இதைவிட உகந்த மக்களை நான் எந்த நாட்டிலும் கண்டதில்லை. நோயாளிகள் வருவார்கள், போவார்கள். முடிவுகள் நிலைத்திருக்கும். முடிவுகளுக்குப் பாதகம் வராமல் நோயாளிகளைக் காப்பதே இந்த மையத்தின் கொள்கை.”

சிறப்பு விருந்தினர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். பட்டையை மாட்டிய கழுத்தோடு, காலை அகட்டி அகட்டி வைத்து, ஒவ்வொரு படியாக அவள் ஏறினாள். தடுமாறியபோது சக்கரபாணிதான் ஓடிப்போய்ப் பிடித்தார். டைரக்டர் ஒலிபெருக்கியை அவள் வாயருகே கொண்டுபோனார்.

“சொல்லுங்கம்மா. உங்க வலி எத்தனை?”

அம்மா கூட்டத்தைப் பார்த்தாள். இவ்வளவு பேர் அவள் பேசுவதற்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

“மூணுங்க ஐயா,” என்றாள். “ரெண்டு நின்னுச்சு, ஒண்ணு தங்கல. கடசி வலி கீழ நிக்குதுங்க, பி.எஸ்சி. படிச்சிருக்குது.”

தொப்பி போட்ட வரிசை முழுக்கச் சிரித்தது. கமலாம்பாள் அங்கிருந்தே தனக்கு ஐந்து என்று குரல் கொடுத்தாள். இன்னொருத்தி ஏழு என்றாள். டைரக்டர் புன்னகை மாறாமல் விருந்தினர் பக்கம் திரும்பி, பழைய வலியை நினைவிலிருந்து சொல்கிறார்கள், குணமானதன் அடையாளம் அது என்று விளக்கினார். பிறகு அம்மாவின் கழுத்தைப் பார்த்துப் பூஜாவைக் கூப்பிட்டார். குணமானவர் பட்டையோடு நின்றால் படம் குழப்பமாக இருக்கும், கழற்றிவிடுங்கள் என்றார். பூஜா அசையவில்லை. அவரே கை நீட்டினார். பட்டையின் ஒட்டுப்பட்டி பிய்கிற சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. விருந்தினர் பதக்கத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அம்மா மரியாதை தெரிந்தவள், குனியத் தொடங்கினாள்.

நான் மேடையில் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது. ஒரு கை அம்மாவின் மோவாயின் கீழே, ஒரு கை பின்மண்டையில்.

“கைய எடுங்க சார்.”

டைரக்டர் கையை எடுத்தார். பட்டையை மறுபடியும் மாட்டி, ஒட்டுப்பட்டியை அழுத்தினேன். பதக்கம் விருந்தினர் கையிலேயே தொங்கியது. அதைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கவில்லை. டைரக்டர் ஒலிபெருக்கியை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். குரல் கனிவாகவே இருந்தது.

“இப்ப இறங்கிப் போனீங்கன்னா அந்த ஸ்கேன் கிடைக்காதும்மா. யோசிச்சுக்குங்க.”

“நீங்களே வெச்சிக்குங்க சார். அதுல எங்க அம்மா போன மாசத்துல இருக்காங்க.”

அம்மாவுக்கு என்மேல் கோபம். இத்தனை பேர் முன்னால் இப்படியா பண்ணுவாய் என்று படி இறங்கும்போதே முணுமுணுத்தாள். வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம், மூணு விநாடிதானே என்றாள். நான் அவள் இடுப்பைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டு நடந்தேன். மையத்தின் வாசலிலிருந்து சாலை வரைக்கும் ஏழு வேகத்தடைகள். முதுகெலும்பு நோயாளிகள் வருகிற பாதை என்பதால் வண்டிகள் மெதுவாகப் போகட்டும் என்று போட்டவை. ஷேர் ஆட்டோ அந்தோணிசாமியை உள்ளே வர வேண்டாம், ரோட்டிலேயே நில் என்று காலையிலேயே சொல்லிவிட்டேன். பின்சீட்டை எடுத்துவிட்டு மெத்தை விரித்திருந்தான். தலைமாட்டில் அம்மாவின் இரண்டு புடவை, சொம்பு, ஆதார் அட்டை, அந்தப் பெண் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு.

அம்மா பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“காத்தாலேயே கட்டி வெச்சிட்டியா?”

“நேத்தே.”

நானும் அந்தோணிசாமியும் அவளைப் பலகை மாதிரி நேராகப் பிடித்து மெத்தையில் படுக்க வைத்தோம். இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டித் தலைக்கு முட்டுக் கொடுத்தேன். பின்னால் ஒலிபெருக்கி அடுத்த பெயரைக் கூப்பிட்டது. குப்பம்மாள், வலி ஒன்பது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் குப்பம்மாள். மூன்றாவது தடவை குரலில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது.

ஆட்டோ கிளம்பியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவால் திரும்ப முடியாது.